உரிக்கும் கூடத்து மேனேஜரம்மா

பத்தொன்பது வருஷம் ஒரே பெல்ட்டின் முன்னால் நின்று மிளகாய்த் தோல் உரித்தவளை ஒருநாள் காலையில் கூப்பிட்டு, இனிமேல் நீதான் இந்தக் கூடத்துக்கு மேனேஜர் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? லூபிங்கா போய்க் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த கரி சோப்புக்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. அந்தக் கையோடுதான் முதலாளி வூகாஷினின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வீட்டுக்குப் போகிற வழியில் கேக் வாங்கிப் போனாள். அவள் புருஷன் திஹோமிர் பஸ் டெப்போவில் மெக்கானிக். இரண்டு துண்டு தின்று முடித்துவிட்டு, "இனிமே வீட்டுக்கு லேட்டா வரணும்னாலும் உன்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஜூன் மாதம். அதற்குப் பிறகு அந்த வருஷம் அவள் அப்படிச் சிரித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் செர்பிய ஊரான லெஸ்கோவாட்ஸில் ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் தெருவெல்லாம் சுட்ட மிளகாய் மணம்தான். காரமில்லாத, ஒரு சாண் நீளமுள்ள சிவப்பு மிளகாய். வாசலில் அடுப்பைப் போட்டு அதைச் சுட்டு, தோலை உரித்து, அரைத்து, எண்ணெயில் கிளறி, ஐவார் என்று பாட்டிலில் அடைத்துக் குளிர்காலத்துக்கு எடுத்து வைக்காத குடும்பம் இங்கே கிடையாது. அதையே ஆலையில் லாரி லாரியாகச் செய்கிறார்கள். சுடுவதற்கும் அரைப்பதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. தோலைச் சுத்தமாக உரிக்க மட்டும் இன்னமும் பெண்களின் விரல்தான் வேண்டும். சூடு ஆறாமலே மிளகாய் பெல்ட்டில் வரும். இரண்டு பக்கமுமாகப் பதினேழு பெண்கள் நின்று, எடுத்து, காம்பைத் திருகி, தோலை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார்கள். ஒரு கணம் அசந்தால் கரிந்த மிளகாய் அப்படியே தாண்டிப் போய்விடும்.

அந்தப் பதினேழு பேருக்கும் தலைவி ஸாகோர்கா. அப்படி யாரும் அவளை நியமிக்கவில்லை. பெல்ட்டின் முனையில், மிளகாய் முதலில் வந்து விழுகிற இடத்தில் நிற்பவள் அவள். அவள் பாடினால் மற்றவர்களும் பாடுவார்கள். அவள் முறைத்தால் கூடமே வாயை மூடிக்கொள்ளும். லூபிங்காவும் அவளும் இத்தனை வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். கை முழுக்கக் கரியாக இருக்கும்போது ஒருத்திக்கு மூக்கு அரித்தால் மற்றவள் தன் தோளைக் கொடுப்பாள், அவ்வளவு சிநேகம். லூபிங்கா மேனேஜரானபோது முதலில் கைதட்டியவளும் அவள்தான்.

"கடைசியில நம்ம ஆளு ஒருத்தி மேல போயிட்டா! இனிமே அந்த ஆபீஸ்ல நமக்கும் ஒரு வாய் இருக்குடி" என்றாள் ஸாகோர்கா.

வாய் இருந்தது. அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஜூலையில் ஒரு ஆள் வாய்த்தான்.

முதலாளி நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். லூபிங்காவை நீஷ் நகரத்து ஹோட்டல் ஒன்றுக்கு, மேனேஜர்களுக்கான பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். இறுக்கமான சட்டை போட்ட ஒருவன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேசினான். ஒரு நாளாவது ஒரு ஆளையாவது வேலை வாங்கியவன் மாதிரி தெரியவில்லை. ஆனால் பேச்சு மட்டும் மழையாகக் கொட்டியது. மேனேஜர் என்பவர் நண்பர் அல்ல, இடைவெளி வேண்டும். வேலையாட்களின் வீட்டுக்குப் போவது, சேர்ந்து குடிப்பது எல்லாம் பாரபட்சத்தில் கொண்டுபோய் விடும். குறை சொல்வதாக இருந்தால் முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு. மேலதிகாரியிடம் ஒருபோதும் பிரச்சினையைக் கொண்டு போகாதே, தீர்வைக் கொண்டு போ. மதியம் சால்மன் மீன் போட்டார்கள். லூபிங்கா அதுவரை மேனேஜர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், அவளும் ஆட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவன் சொன்னது அத்தனையும் உளறல் என்று சொல்ல முடியாது. வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இவள் அதை அப்படியே மாட்டிக்கொண்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் பலி காப்பி. உடை மாற்றும் அறையில் ஒரு பழைய மின்னடுப்பு உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் மிலுங்கா அதில் காப்பி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவாள். மிலுங்கா என்றால் கூடத்திலேயே நீளமான நாக்கு. பயிற்சி முடிந்து வந்த அன்றும் லூபிங்காவின் கப்பில் ஊற்றி வைத்திருந்தாள். லூபிங்கா வாசலிலேயே நின்று, "நான் ஆபீஸ்ல குடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கப் அங்கேயே ஆறிப் போனது.

"மேனேஜரம்மாவுக்கு நம்ம காப்பி கசக்குதாம்" என்றாள் மிலுங்கா. அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது பாராட்டு. ஒருநாள் லூபிங்கா பெல்ட் முனைக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸாகோர்கா, இந்த ஸ்கார்ஃப் உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கு. நேத்து போன பெட்டியில தோல் நிறைய ஒட்டிக் கிடந்துச்சு. உன் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி" என்றாள்.

ஸாகோர்கா கையை நிறுத்தாமலே அவளைப் பார்த்தாள். "என் ஸ்கார்ஃபுக்கும் மிளகாத் தோலுக்கும் என்னடி சம்பந்தம்? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

மத்தியானச் சாப்பாட்டில் மிலுங்கா ரொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "இந்த ரொட்டி ரொம்ப மெத்துனு இருக்கு. நம்ம மேனேஜரம்மா ஒரு மக்கு. சீஸ்ல உப்பு கரெக்டா இருக்கு." மேசை குலுங்கியது. கதவுக்கு வெளியே நின்ற லூபிங்காவின் காதிலும் அது விழுந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டியவளுக்கு அழுகைதான் வந்தது. போன வருஷம் என்றால் அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவளே அவளாகத்தான் இருப்பாள்.

இதெல்லாம் போகட்டும். காப்பிக்கும் ஸ்கார்ஃபுக்கும் யாரும் வேலையை விட்டுப் போகமாட்டார்கள். பெல்ட்டின் விஷயம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆகஸ்ட் நடுவில் வூகாஷின் அவளைக் கூப்பிட்டார். முப்பது வருஷம் வியன்னாவில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆலையை வாங்கியவர். சிமெண்ட் என்றால் கையால் தொட்டே தரம் சொல்வார். மிளகாய் அவருக்குத் தட்டில் வந்தால்தான் தெரியும். அதை மறைக்கவும் மாட்டார்.

"லூபிங்கா, இந்த வருஷம் ஆர்டர் ஜாஸ்தி. பெல்ட்டு வேகத்த மூணுலேருந்து நாலுக்கு ஏத்தலாமா? பொண்ணுங்க தாங்குவாங்களா? நீ சொல்லு, எனக்கு இது தெரியாது."

தாங்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். முந்தின மேனேஜர் ஒரே ஒரு வாரம் நாலில் ஓட்டிப் பார்த்தபோது அவனுடைய ஏழு தலைமுறையையும் வாய்விட்டு வைதவள் அவள். மிளகாய் ஆறுவதற்குள் வந்து குவியும். விரல் நுனி வெந்து தோல் கழன்றுவிடும். 'முடியாது' என்கிற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. அப்போது பார்த்து அந்த ஹோட்டல் மேடை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பிரச்சினையைக் கொண்டு போகாதே. சரி, தீர்வு? அவளிடம் தீர்வு எதுவும் இல்லை. ஆகவே, "சமாளிச்சிடலாம் முதலாளி" என்றாள்.

பெல்ட் நாலுக்கு ஏறியது. நாலு நாள் கழித்து ஸாகோர்கா ஆபீஸுக்கே வந்தாள். விரல் நுனி கிழிந்த கையுறையைக் கழற்றிப் பத்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"பாரு லூபா. நாலுல முடியல. போய்ச் சொல்லு அவர்கிட்ட."

"நடைபாதையில ஆலோசனைப் பெட்டி ஒண்ணு வெச்சிருக்கேன். அதுல எழுதிப் போடு. எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாக்கறேன்."

"நான் எதிர்லயே நிக்கறேன். என் விரலும் எதிர்லயே இருக்கு. பெட்டியில எதுக்குடி போடணும்?"

"ஒரு முறைன்னு இருக்கு ஸாகோர்கா."

வெள்ளிக்கிழமை லூபிங்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிடி கரிந்த மிளகாய்த் தோல் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு முதலாளியைப் பார்க்கப் போனாள். வெள்ளிக்கிழமை தோறும் அவர் கேட்பார், கூடத்தில் பிரச்சினை ஏதாவது உண்டா என்று. "எல்லாம் ஒழுங்கா போகுது முதலாளி" என்றாள்.

செப்டம்பரில் சின்ன மாதா திருநாள் வந்தது. அது ஸாகோர்கா வீட்டு ஸ்லாவா. எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் அது விருந்து, ஸ்லாவா இல்லை. ஒருமுறை போனவர் பிறகு ஒவ்வொரு வருஷமும் போக வேண்டும். காய்ச்சலில் கிடக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், செத்துப் போயிருக்கலாம். வேறு சாக்கு செல்லாது. லூபிங்கா ஸாகோர்கா வீட்டு ஸ்லாவாவுக்கு இவர்கள் இரண்டு பேரும் பெல்ட்டில் சேர்ந்த வருஷத்திலிருந்து போய்க்கொண்டிருப்பவள்.

அன்று சனிக்கிழமை. வேலை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் கை கழுவி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பினார்கள். லூபிங்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸாகோர்கா வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் வீட்டுக்கும் போக வேண்டுமே, எல்லார் வீட்டுக்கும் போனால் இடைவெளி என்ன ஆவது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டாள். கடைசியில் அவள் செய்ததை எந்த செர்பியக்காரியும் செய்திருக்க மாட்டாள். ஆலை டிரைவர் கிர்ஸ்டாவிடம் ஒரு காப்பிப் பொட்டலத்தையும் ஒயின் பாட்டிலையும் கொடுத்து, ஆலையின் பேர் அச்சடித்த அட்டை ஒன்றையும் செருகி அனுப்பினாள். அட்டையில், 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்றிருந்தது.

போகாமல் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். டிரைவரை அனுப்பினாளே!

திங்கட்கிழமை பெல்ட் முனையில் நின்றுகொண்டு ஸாகோர்கா, "வணக்கம் மேனேஜரம்மா. பரிசு வந்து சேந்துச்சு. உங்க டிரைவர் நல்லா சாப்ட்டுட்டுப் போனாரு" என்றாள். லூபிங்காவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பேச்சில் இருந்த குத்தலைவிட அந்த 'உங்க'தான் அதிகம் வலித்தது. பத்தொன்பது வருஷத்தில் அவளிடமிருந்து வராத மரியாதை.

செப்டம்பர் கடைசியில் வூகாஷின் அவளை உட்கார வைத்துப் பேசினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஆலை திறந்து ஆள் சேர்க்கிறார்கள். ஸாகோர்காவை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அவ போனா தனியா போகமாட்டா. உனக்கே தெரியும். பாதிப் பேர் போயிட்டா நான் லாரிய ரோட்டுல நிறுத்தி வெச்சுக்கிட்டு ஆள் தேட முடியாது. தோல் உரிச்ச மிளகாய வெளியில வாங்கிடுவேன், இந்தக் கூடத்த மூடிடுவேன். எப்படியாவது அவள நிறுத்தி வை. என்ன வேணும்னு கேளு."

லூபிங்காவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கூடத்தை மூடினால் அவள் மட்டும் இல்லை, அத்தனை பேரும் தெருவில். ஐம்பதை நெருங்கும் பெண்களை எவன் வேலைக்கு எடுப்பான்? மறுநாளே முழு மூச்சாக இறங்கினாள். எதில் இறங்கினாள் என்கிறீர்கள்? மறுபடியும் அந்த ஹோட்டல் வித்தைகளில்தான். 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று ஸாகோர்காவின் போட்டோவைப் பெரிதாக்கி நடைபாதையில் மாட்டினாள். ஸாகோர்கா அதை மத்தியானமே கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். "நான் இன்னும் சாகல, அதுக்குள்ள எதுக்கு மாட்டறீங்க?" என்று கேட்டாள்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றி வைத்து, சொல்லிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டாள்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எங்க இருப்பேன்னு நெனைக்கறே, ஸாகோர்கா?"

"பெல்ட்டு நாலுலயே ஓடினா கல்லறையில இருப்பேன் மேனேஜரம்மா. கொஞ்சம் மேடான எடமா பாத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"நான் தமாஷுக்குக் கேக்கல."

"நானும் தமாஷுக்குச் சொல்லல. ஜூலையிலேருந்து ஒரே ஒரு விஷயம்தான் கேக்கறோம். அந்த பெல்ட்ட மூணுல வைங்க. எனக்குப் போட்டோ வேண்டாம், தண்ணி வேண்டாம்."

ஆகஸ்ட் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் மாதம் மாறிவிட்டது. லூபிங்கா அதைத் திருத்தவில்லை. "அதப் பத்தி யோசிக்கறேன்" என்றாள். உண்மையாகவே அன்று மாலை முதலாளியின் அறை வரைக்கும் போனாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். உள்ளே அவர் போனில் யாரிடமோ லாரிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் போய் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் என்ன நினைப்பார்? மேனேஜரானவுடன் இவளால் முடியவில்லை என்றுதானே? கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபரில் அவளுடைய ஸ்லாவா வந்தது, மிஹோல் திருநாள். அதுவும் சனிக்கிழமை. மூன்று நாளாக லூபிங்கா அடுப்படியை விட்டு நகரவில்லை. முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்து சுருட்டி மண்பானையில் வேக வைத்தாள். பன்றிக் கறி வறுத்தாள். கோதுமையை வேக வைத்து வாதுமையும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தாள். முன்னறையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, கூடத்துப் பெண்கள் எப்போதும் உட்காருகிற வரிசையில் தட்டுகளை வைத்தாள்.

மத்தியானம் திஹோமிரின் தம்பிகள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மூன்று மணிக்கு ஆலை விடும். மூன்றரைக்கெல்லாம் மிலுங்காவின் சத்தம் தெருமுனையில் கேட்க வேண்டும். நான்கு மணி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. மெழுகுவர்த்தி பாதிக்குக் கீழே போய்விட்டது. பானையை மூன்று தடவை சூடு பண்ணிவிட்டாள்.

"ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றான் திஹோமிர்.

"ஸ்லாவாவுக்குப் போன் போட்டுக் கூப்பிடுவாங்களா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அவன்மேல் விழுந்தாள். "நான் போகல, அவங்க வரல. இதுல போன் என்ன வேண்டிக்கிடக்கு!"

அவன் வாயை மூடிக்கொண்டு பிராண்டி பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி வைத்தான். அவள் காலியாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முகம் இருந்தது. அந்த முகங்கள் என்ன பேசும், எதற்குச் சிரிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. பயிற்சிக்காரன் சொன்ன இடைவெளி கிடைத்துவிட்டது. மேசை நீளத்துக்குக் கிடைத்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசல் கேட் சத்தம் கேட்டது. ஸாகோர்கா. தனியாகத்தான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் காப்பிப் பொட்டலம், ஒரு கையில் ஒயினோடு.

"திருநாள் நல்லபடியா இருக்கட்டும் லூபா" என்றாள். மூன்று தடவை கன்னத்தோடு கன்னம் வைத்தாள். 'லூபா' என்றாளே! லூபிங்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடி ஓடிப் பரிமாறினாள்.

ஸாகோர்கா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமை எடுத்தாள். பிராண்டி குடித்தாள். கறிச் சுருளில் நான்கு சாப்பிட்டாள். மகளின் கல்யாணப் பேச்சு, திஹோமிரின் முட்டிவலி, இந்த வருஷம் பிளம் காய்த்த காய்ப்பு என்று பேச்சு ஓடியது. ஸாகோர்கா பழைய மாதிரியே சிரித்தாள்.  இதுதான் சமயம் என்று லூபிங்கா வாயைத் திறந்தாள்.

"ஸாகோர்கா, அந்த பெல்ட்டு விஷயம்..."

"இன்னிக்கு வேலைப் பேச்சு வேண்டாம். ஸ்லாவா" என்று சொல்லிவிட்டு ஸாகோர்கா தட்டைக் கேக்குக்காக நீட்டினாள்.

கிளம்பும்போது லூபிங்கா கேட் வரைக்கும் கூடவே போனாள். கேட்டைத் தாண்டித் தெருவில் காலை வைத்த பிறகுதான் ஸாகோர்கா திரும்பினாள்.

"வீட்டுக்குள்ள வெச்சு சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். திங்கக்கிழமை நான் வரமாட்டேன் லூபா. ஆத்துக்கு அந்தாண்ட போறேன். என்னோட அஞ்சு பேர் வர்றாங்க. ஆபீஸ்ல யாரோ சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் நேர்ல சொல்றேன்."

லூபிங்கா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "சம்பளம் ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே சம்பளம்தான். அங்க பெல்ட்டு மெதுவா ஓடுது, அவ்வளவுதான்."

"நான் என்ன பண்ணியிருக்கணும்? நீயாவது சொல்லேன்டி!"

ஸாகோர்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "பத்தொன்பது வருஷம் அந்த பெல்ட்டு முன்னாடி நின்னவ நீ. என்கிட்ட கேக்கறியா? உனக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? எங்களுக்குப் புதுசா எந்த மேனேஜரும் வேண்டியிருக்கல. நீ மேல போனே, எங்களுக்காக நீ பேசுவேன்னு நெனச்சோம்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "அடுத்த வருஷம் சின்ன மாதாவுக்கு வந்துடு. நீயே வா. இனிமேதான் நீ எனக்கு மேனேஜர் இல்லயே, தாராளமா வரலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லூபிங்கா யாரும் தொடாத தட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். திங்கட்கிழமை காலையில் நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். தட்டக்கூட இல்லை. கையில் தீர்வு எதுவும் இல்லை.

"பெல்ட்ட மூணுக்கு இறக்கணும் முதலாளி. நாலுல யாராலயும் முடியாது. நான் நின்னிருந்தா என்னாலயும் முடிஞ்சிருக்காது. ஸாகோர்கா போயிட்டா. இன்னும் அஞ்சு பேர் போயிட்டாங்க. இதுக்காகத்தான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். மறுப்பார், வாதாடுவார், அவளும் திருப்பிக் கத்தலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். வூகாஷின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"முடியாதா? முடியும்னு நீதானே சொன்னே?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"நான் மிளகாயப் பத்தி என்னத்தக் கண்டேன்? அதுக்காகத்தானே வெளியிலேருந்து படிச்சவன் ஒருத்தனக் கொண்டாராம, பெல்ட்டுலேருந்து உன்ன எடுத்தேன்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உன்னத்தானே கேட்டேன்? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே இறக்கியிருப்பேனே!"

போனை எடுத்தார். ஆலை மெக்கானிக்கிடம், "மூணுல வை" என்றார். போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. ஆகஸ்டிலிருந்து அத்தனை பேர் விரலை வேக வைத்த விஷயம், ஒரு மிடறு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் மறுத்திருந்தால் அவளுக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார்.

"இந்த வாரம் பாக்கறேன். மீதி இருக்கறவங்கள வெச்சு லாரிய அனுப்ப முடிஞ்சா கூடம் இருக்கும். இல்லேன்னா வெளியிலதான் வாங்கணும்" என்றார் வூகாஷின். அதில் கோபம்கூட இல்லை.

லூபிங்கா உடை மாற்றும் அறைக்குப் போனாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். பதினோரு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நடந்து போய் பெல்ட் முனையில், ஸாகோர்கா நின்ற இடத்தில் நின்றாள்.

"மூணுக்கு இறக்கியாச்சு" என்றாள்.

"இறக்கிட்டீங்களா? யாருக்கு?" என்று மிலுங்கா காலியாகக் கிடந்த இடங்களைக் கையால் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்தது, பெல்ட் நகர்ந்தது. மூன்றில்தான் ஓடியது, பதினேழு பேருக்கு நிதானமான வேகம். லூபிங்கா முதல் மிளகாயை எடுத்துக் காம்பைத் திருகித் தோலை இழுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதற்குக் கை போவதற்குள் நாலைந்து மிளகாய் அவளைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பிடிக்க அடுத்த இடத்தில் யாரும் இல்லை. அதற்கடுத்த இடத்திலும் இல்லை. விரல் சுட்டது. தலையைத் தூக்காமல் உரித்தாள், இன்னும் வேகமாக உரித்தாள். தோலோடு மிளகாய் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.